செறிவூட்டல் வகுப்பு என்பது இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது அல்ல

என் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, மற்ற பிள்ளைகள் நாலாவது கணக்கில் நிற்கும் நேரத்தில் இவன் பத்தையும் போட்டு முடித்து நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அவனுடைய டீச்சர் திருத்திக் கொடுத்துவிட்டு, "நல்லது மக்ளே, இந்தா இன்னும் பத்து" என்பார். அதையும் முடித்தால் இன்னும் பத்து. ஜூனில் தொடங்கிய இந்தக் கதையில், காலாண்டுப் பரீட்சை வருவதற்குள் அவன் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டான்: மெதுவாகப் போட வேண்டும். ஒன்பது கணக்கை முடித்துவிட்டு, பத்தாவதில் பென்சிலை வைத்தபடி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பானாம். ஒரு ராத்திரி சோறு தின்னும்போது அவனே சொன்னான், பெருமையாகவே சொன்னான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த டீச்சர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் தொடக்கப் பள்ளி ஆசிரியைதான், ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறவள்தான், சீக்கிரம் முடிக்கிற பிள்ளையை எப்படியாவது அடக்கி உட்கார வைக்க நானும் இதே "இன்னும் பத்து" வைத்தியத்தைத்தான் பல வருஷம் செய்துகொண்டிருந்தேன். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு வகுப்பு நடத்துகிறோம். "அது என்ன வகுப்பு?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மீத்திறன் மாணவர்கள் என்று பெயர். அவர்களுக்காகச் செய்வதற்குச் செறிவூட்டல் என்று பெயர். இந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி என்று வந்ததே, அதே சொல்தான். அந்த அரிசியில் சோற்றின் அளவு கூடுவதில்லை. அதே ஒரு படி அரிசிதான், உள்ளே இரும்புச் சத்தும் மற்றதும் சேர்ந்திருக்கிறது. பாடத்திலும் அப்படித்தான். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கழித்தல்தான், ஆனால் அந்தக் கழித்தலுக்குள் யோசிக்க ஏதாவது இருக்க வேண்டும். பத்துக் கணக்குக்குப் பதில் முப்பது கணக்கு என்றால் அது மூன்று தட்டுச் சோறு. வயிறுதான் உப்பும்.

இதோடு குழப்பிக்கொள்கிற ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் டபுள் புரமோஷன் என்று சொல்வது வேறு. மூன்றில் இருந்து நேராக ஐந்துக்குத் தூக்கிப் போடுவது, அல்லது நாலாம் வகுப்பிலேயே ஆறாம் வகுப்புப் பாடத்தை ஓட்டுவது, இதற்கு விரைவுபடுத்தல் என்று பெயர். அது எல்லாருக்கும் தப்பு என்று நான் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு அது தேவைப்படவும் செய்யும். ஆனால் அதில் வேகம்தான் கூடுகிறது, செறிவூட்டலில் கூடுவது ஆழமும் அகலமும். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்க வைக்கிறோம், மூளையின் நடுப்பகுதியைத் தட்டி எழுப்புகிறோம் என்று காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஏமாற்று. கட்டின துணிக்கு அடியில் மூக்கோரமாக எட்டிப் பார்க்கத்தான் அங்கே பிள்ளை பழகுகிறது. தயவுசெய்து அந்தக் காசைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

ஆழம் என்றால் என்ன என்று வெறுமனே சொன்னால் விளங்காது. ஒன்றைச் செய்து காட்டுகிறேன்.

எந்த நாலு இலக்க எண்ணை வேண்டுமானாலும் எடுங்கள், நாலு இலக்கமும் ஒரே எண்ணாக மட்டும் இருக்கக் கூடாது. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷத்தையே எடுப்போம், 1956. இலக்கங்களைப் பெரியதில் இருந்து சிறியதாக அடுக்கினால் 9651. சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கினால் 1569. கழித்தால் 8082. இதையும் அதே மாதிரி அடுக்குங்கள்: 8820, 0288. கழித்தால் 8532. மறுபடி அடுக்கினால் 8532, 2358. கழித்தால் 6174. இன்னொரு தடவை செய்து பாருங்கள், 7641இல் இருந்து 1467 போனால் மறுபடியும் 6174தான். இனி எத்தனை தடவை செய்தாலும் அங்கேயே நிற்கும். உங்கள் செல்போன் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எடுத்தாலும் அதிகம் போனால் ஏழே தடவையில் 6174க்கு வந்து சேர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பாடம் நடத்திய கப்ரேகர். 1949இல் வெளியே சொன்னார். பெரிய பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்குக் கிடையாது, எண்களோடு விளையாடிக்கொண்டே இருந்த மனிதர். இதை நான் எங்கள் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வேன், ஏனென்றால் கணக்கைக் கண்டுபிடிப்பவர்கள் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்ற நினைப்பு எட்டு வயதிலேயே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

முதல் தடவை இதைப் பலகையில் போட்டபோது ஒரு நாலாம் வகுப்புப் பையன் அன்று மட்டும் இருபத்தெட்டு கழித்தல் போட்டான். கடன் வாங்கிக் கழிப்பது, பூஜ்யத்தில் இருந்து கழிப்பது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. யாரும் அவனைப் போடச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் 6174 வராமல் சுற்றிச் சுற்றிப் போனது, கழித்தலில் எங்கேயோ தப்பு என்று அவனே பிடித்துத் திருத்தினான், நான் சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. போகும்போது கேட்டான்: "டீச்சர், ரெண்டு எண்ணுக்கு என்ன வரும்?" எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு சக்கரம் வரைந்துகொண்டு வந்தான். 81, 63, 27, 45, 9, மறுபடி 81. "இது நிக்கவே மாட்டேங்குது டீச்சர், சுத்திக்கிட்டே இருக்கு." நாலு இலக்கம் ஒரு இடத்தில் நிற்கிறது, இரண்டு இலக்கம் சுற்றுகிறது, ஏன் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அவனுடையது, அவன் கையால் போட்டுக் கண்டுபிடித்தது. செறிவூட்டல் என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, யார் இந்த மீத்திறன் பிள்ளைகள்? எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முதல் ரேங்க் பிள்ளை அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியல் பேராசிரியர் 1921இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். கலிபோர்னியாப் பள்ளிகளில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ, வந்த பிள்ளைகள் 1500 பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, அவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தத் தேர்வை எழுதி, ஈவு போதவில்லை என்று விடப்பட்ட இரண்டு பையன்கள் உண்டு. ஒருவர் வில்லியம் ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக 1956இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார். இன்னொருவர் லூயிஸ் ஆல்வரெஸ், 1968இல் அதே பரிசை வாங்கினார். தேர்ந்தெடுத்த பிள்ளைகளில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. ஒரு நாள், ஒரு தாள், ஒரு மதிப்பெண், இதை வைத்து எட்டு வயதுப் பிள்ளையை உள்ளே வெளியே என்று பிரிப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல எனக்கு இந்த ஒரு கதை போதும்.

பின்னால் வந்த ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1978இல் இதை வேறு மாதிரி சொன்னார். மூன்று வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி வரையுங்கள். ஒன்று, சராசரிக்கு மேலான திறமை. உச்சத்தில் இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, கொஞ்சம் மேலே இருந்தால் போதும். இரண்டாவது, படைப்பாற்றல், அதாவது யாரும் யோசிக்காத மாதிரி யோசிப்பது. மூன்றாவது விடாப்பிடி, ஒன்றை எடுத்தால் முடிக்காமல் விடாத குணம். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படுகிற இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படும் என்றார். எனக்கு அவர் சொன்னதில் பிடித்தது, மீத்திறன் பிறவியிலேயே ஒட்டின முத்திரை இல்லை, சில பிள்ளைகளிடம் சில நேரம் சில விஷயங்களில் வெளிப்படுவது என்று அவர் பார்த்ததுதான். அதனால் பள்ளியில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பிள்ளைகளையாவது உள்ளே கொண்டுவாருங்கள், உச்சியில் இருக்கிற இரண்டு பேரோடு நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

வகுப்பில் நான் பார்த்த அடையாளங்களைச் சொல்கிறேன். "ஏன்" என்பதற்குப் பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்" வைத்திருக்கிற பிள்ளை. கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி, ஆனால் விடை சரி, எப்படி வந்தது என்று கேட்டால் நாம் சொல்லிக் கொடுக்காத வழி ஒன்றைச் சொல்லும். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கும், திடீரென்று கேட்டால் பாடத்தில் இரண்டு படி முன்னால் இருக்கும். இந்தப் பிள்ளையைப் பெரும்பாலும் நாம் சேட்டைக்காரன் என்ற பட்டியலில் சேர்த்திருப்போம். இன்னொன்று, எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற பிள்ளையும் மீத்திறன் உள்ளதாக இருக்கலாம். வாசிப்பில் தடுமாற்றமும் யோசிப்பதில் கூர்மையும் ஒரே பிள்ளையிடம் இருக்கும்போது ஒன்று மற்றதை மறைத்துவிடும், நாம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம்.

நம் மாவட்டத்தில் இப்படி மறைந்து போகிறவர்கள் அதிகம். 2011 கணக்கெடுப்பில் நம் எழுத்தறிவு 91.75 சதவீதம், படிப்பில் நாம் முன்னால் நிற்கிறோம், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையில் படிப்பு என்றால் மார்க் என்று ஆகிவிட்டது. கடற்கரை ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்தபோது எனக்கு ஒரு பையன் இருந்தான், கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் வராது. அவன்தான் எனக்குக் கணியம் சொல்லிக் கொடுத்தான். நடுக்கடலில் பெயர்ப்பலகை கிடையாது இல்லையா, மீன் கிடக்கிற பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடத்தை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பக்கம் கோயில் கோபுரமும் அதன் பின்னால் இருக்கிற மலையும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் ஒரு தென்னந்தோப்பும் வேறொரு மலை முனையும் நேர்க்கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையைப் போடு. அப்பா சொன்னதை அவன் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினான். இது உயர்நிலைப் பள்ளியில் வருகிற வடிவியல். ஒன்பது வயதில் அவன் அதை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறான், நானோ அவனுக்கு மெல்லக் கற்பவர் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகள் செடிகொடிகளைப் பிரித்து அறிகிற விதமும், விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளமும் பள்ளியில் தமிழுமாக இரண்டு மொழியில் வளர்கிற பிள்ளைகள் சொற்களை ஒப்பிட்டுப் பேசுகிற விதமும் எந்தத் தேர்வுத் தாளிலும் வராது. பெண் பிள்ளைகள் இன்னொரு மாதிரி மறைகிறார்கள். சீக்கிரம் முடித்தாலும் சத்தம் போடாமல் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள், "நல்ல பிள்ளை" என்று நாமும் நகர்ந்துவிடுவோம்.

நிழலும் கிணறும்

செறிவூட்டல் வகுப்பில் என்னதான் செய்வார்கள் என்பதற்கு அதே ரென்சுல்லி 1977லேயே மூன்று வகை சொல்லியிருக்கிறார். நாங்கள் பின்பற்றுவது அதைத்தான், பெரும்பாலும். முதல் வகை, பிள்ளைக்குப் புதிதாக ஒன்றைக் காட்டுவது, ஆசையைக் கிளப்புவது. இரண்டாம் வகை, அதைச் செய்யத் தேவையான கைப்பழக்கத்தைக் கற்றுக் கொடுப்பது: அளப்பது, குறிப்பது, தேடுவது, கேட்பது, எழுதி வைப்பது. மூன்றாம் வகை, பிள்ளை தனக்கென்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தானே போய் விடை தேடுவது. முதல் இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது, வகுப்பு முழுக்கச் செய்யலாம். மூன்றாவதுக்கு யார் தானாக முன்னால் வருகிறார்களோ அவர்கள்தான் நாம் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள். இப்படிப் பார்த்தால் தேர்வு வைத்துப் பொறுக்க வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடுகிறது.

ஒரு உதாரணம். கன்னியாகுமரி எட்டு பாகை (டிகிரி) வடக்கு அகலாங்கில் (அட்சரேகையில்) இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாளும், நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும். அப்போது செங்குத்தாக நிற்கிற கம்புக்கு நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்பார்கள். முதல் வருஷம் நாங்கள் நூலக முற்றத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு 12 மணிக்குச் சுற்றி நின்றோம். நிழல் நன்றாகவே இருந்தது. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. விடக் கூடாது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொன்னேன். 12.20க்கு மிகவும் சுருங்கியது, ஆனாலும் ஒரு விரற்கடை நிழல் மிச்சம். ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை கம்பைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கம்பு சரிஞ்சு நிக்கு" என்றாள். அவள் அப்பா கொத்தனார். அடுத்த தடவை அப்பாவின் தூக்குக்குண்டை வீட்டில் இருந்து கொண்டு வந்து, நூலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பை நிமிர்த்தினாள், அவள் அப்பா சுவர் எழுப்பும்போது பார்ப்பது போலவே. அன்று 12.20க்கு முற்றத்தில் ஒரே கூச்சல். "நெழலக் காணல! நெழலக் காணல!"

ஏன் 12 மணிக்கு வராமல் 12.20க்கு வந்தது? இந்தக் கேள்வியில் ஒரு முழுச் சனிக்கிழமை போனது. நம் நாட்டுக் கடிகாரம் மிர்சாபூர், காக்கிநாடா வழியாகப் போகிற 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கை (தீர்க்கரேகையை) வைத்து ஓடுகிறது. நாம் ஏறக்குறைய 77.5 பாகையில், அதற்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருக்கிறோம். பூமி ஒரு பாகை சுற்ற நாலு நிமிஷம் ஆகிறது. ஐந்து நாலு இருபது. நாலாம் வாய்ப்பாடுதான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் முனகுகிற பிள்ளைகள், உலக உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு மும்பைக்கு எத்தனை நிமிஷம், கல்கத்தாவுக்கு எத்தனை நிமிஷம் என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். சென்னையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போன் போட்டு அங்கே நிழல் இருக்கிறதா என்று கேட்ட பிள்ளையும் உண்டு. இருந்தது, சென்னைக்கு அந்த நாள் வர இன்னும் இரண்டு வாரம் போல ஆகும்.

இதுவரை முதல் வகையும் இரண்டாம் வகையும். மூன்றாவது, நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்து வந்தது. நாலாம் வகுப்பில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், "அப்பம் கிணத்துக்குள்ள நேரா வெயில் விழுமா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் உறைக்கிணறு இருக்கிறது. தண்ணீரில் தெரிகிற சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும், கைப்பிடிச் சுவரில் ஏறக் கூடாது, ஆச்சி பக்கத்தில் இருந்தால் மட்டும், உள்சுவரில் எந்தப் பக்கம் வெயில் படுகிறது என்று மட்டும் பார் என்று சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கூடம் இருக்கிற நாள்களில் அவளால் 12.20க்கு வீட்டில் இருக்க முடியாது. அதனால் ஆச்சியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டாள். ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவர், மணி மட்டும் பார்ப்பார். சாயங்காலம் இவள் வந்து கேட்டு நோட்டில் எழுதுவாள். மார்ச் கடைசியில் இருந்து அந்த நோட்டில் தேதிக்கு எதிரே ஒரே எழுத்து: வ, வ, வ, வ. வடக்குச் சுவர். நடுவில் இரண்டு நாள் "மேகம்". ஒரு நாளுக்கு எதிரே "ரெண்டு பக்கமும் இல்லை, நேரா தண்ணியில". அதற்கடுத்த நாள்களில் தெ, தெ, தெ. சூரியன் தெற்கே இருந்து தலைக்கு மேல் வந்து வடக்கே தாண்டிப் போனதை ஒரு பத்து வயதுகூட ஆகாத பிள்ளையும் அவள் ஆச்சியும் சேர்ந்து ஒரு கிணற்றை வைத்துப் பிடித்துவிட்டார்கள். அந்த நோட்டை நூலகத்தில் பெரிய தாளில் எழுதி ஒட்டினோம். பேப்பர் வாசிக்க வருகிற பெரியவர்கள் நின்று படித்தார்கள், ஒருவர் தன் வீட்டுக் கிணற்றிலும் பார்க்கப்போவதாகச் சொன்னார். மூன்றாம் வகையில் இந்தக் கடைசிப் படி முக்கியம். டீச்சர் திருத்தி மார்க் போடுவதற்காகச் செய்வது வேறு, ஊரார் நின்று படிப்பதற்காகச் செய்வது வேறு. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

செலவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு கம்பு, சாக்பீஸ், இரண்டு சார்ட் தாள்.

பள்ளி வகுப்புக்குள் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் நேரம் வேண்டும், அந்த நேரத்தை எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பாடத்தை முடித்துவிட்டு வைக்கிற தேர்வைப் பாடம் தொடங்கும் முன்பே வைத்துப் பாருங்கள். பெருக்கல் பாடத்துக்கு முன்னாலேயே இரண்டு பிள்ளைகள் எண்பது தொண்ணூறு மார்க் எடுத்தால், அந்தப் பாடத்தில் அவர்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு இடங்களை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற பாடவேளைகளை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். பாடத்தைச் சுருக்கி நேரத்தைச் சம்பாதிக்கிற இந்த முறையையும் ரென்சுல்லி கூட்டத்தார்தான் பரப்பினார்கள். கிடைத்த நேரத்தில் கூடுதல் கணக்கைத் திணித்தால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம், என் மகனின் பத்தாவது கணக்குக்கு.

2022இல் நம் மாநிலத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். பின்தங்கின பிள்ளைக்கு அது பெரிய உதவி, கொரோனாவுக்குப் பிறகு அது இல்லாவிட்டால் நிறையப் பிள்ளைகள் கரை சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் மலரையும் தாண்டி நிற்கிற பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஒவ்வொரு ஆசிரியரும் தானாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அறிவியலும் கணக்கும் செய்து காட்டுகிற வானவில் மன்றம் ஆறாம் வகுப்பில் இருந்துதான். தேசிய வருவாய்வழித் தேர்வு எட்டாம் வகுப்பில், ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பில். அவை உதவித்தொகைக்கான தேர்வுகள், நல்லவைதான், ஆனால் ஏழு வயதில் ஆர்வம் அணைந்து போன பிள்ளை எட்டாம் வகுப்புவரை அதை எங்கே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தி வைக்கும்?

பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "இதுக்கு சர்டிபிகேட் ஏதும் கிட்டுமா டீச்சர்?" கிடையாது. மார்க்கும் கிடையாது, போட்டியும் கிடையாது, வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு மீத்திறன் என்று பெயர் சூட்டுவதும் கிடையாது. அந்தப் பெயர் வீட்டுக்குப் போனால் அன்று சாயங்காலமே தெருமுனைவரை போய்விடும், அப்புறம் பிள்ளை தப்பு செய்யப் பயப்படும். 1998இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஒரு வேலையை முடித்ததும் சில பிள்ளைகளிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், வேறு சிலரிடம் "நன்றாக முயற்சி செய்தாய்" என்றார்கள். புத்திசாலி என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான வேலையைத்தான் அதிகம் தேடிப் போனார்கள், கிடைத்த பேரைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அதனால் எங்கள் வகுப்பில் "எப்படி யோசிச்ச?" என்று மட்டும் கேட்கிறோம். வீட்டிலும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, சேர்ந்து தேடுங்கள். அந்த ஆச்சி செய்ததை விடப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பக்கத்தில் இருக்கிற வசதிகளை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, பறவை பார்க்கப் பஸ் காசு மட்டும் போதும். தோவாளையில் மாணிக்க மாலை கட்டுகிறவர்கள் வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் பச்சை இலையையும் மடித்து வைக்கிற ஒழுங்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், சமச்சீர் என்ற பாடத்தைத் தனியாக நடத்த வேண்டாம். மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, "மலையில இருந்து வர்ற தண்ணி ஏன் பள்ளத்துல இறங்காம பாலத்து மேல போகுது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்துக்கும் திருவனந்தபுரம் கோளரங்கத்துக்கும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். வாசிக்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் 1987இல் இருந்து வருகிறது. நாலு ஐந்து வகுப்புகளுக்கு அரசே கொடுக்கிற ஊஞ்சல் இதழ் பள்ளிக்கு வருகிறது, அது பீரோவுக்குள் போகாமல் பிள்ளை கைக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வயது ஆனால் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் சேரலாம், 1993இல் இருந்து நடக்கிறது, சொந்த ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தமிழிலேயே ஆய்வு செய்து சமர்ப்பிக்கலாம். கிணற்று நோட்டுக்காரி அதற்குத்தான் இப்போது தயாராகிறாள். கோடையில் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று உறையை எண்ணிக் குறிக்கப்போகிறாளாம்.

உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால் பத்துப் பேருக்கு மேல் முதலில் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும், அதில் அரை மணி நேரம் பிள்ளைகள் சும்மா எதையாவது நோண்டிக்கொண்டிருக்க விடுங்கள், நல்ல கேள்விகள் அந்த நேரத்தில்தான் வருகின்றன. மூன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் கலந்தே உட்கார வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லுங்கள், சிலர் வருவார்கள், சிலர் போவார்கள், போகிறவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டாம். எல்லாம் தெரிந்த ஆசிரியர் தேவையில்லை, ஊரில் ஆளுக்கு ஒன்று தெரிந்திருக்கும், அவர்களைக் கூப்பிடுங்கள்.

வரும் சனிக்கிழமை மணக்குடியில் இருந்து கடலுக்குப் போகிற ஒரு அண்ணன் கணியம் சொல்லிக் கொடுக்க வருகிறார். நூலகத்தில் இருந்து பிள்ளைகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவதாக இருக்கிறோம், அங்கிருந்து வேளிமலை நன்றாகத் தெரியும். தலைக்கு மேல் துண்டும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.